கிரேக்கச் சனம் காசுக்குத்தான் வந்ததா?

இழையைத் தொடங்கிய வாசகர், 19 ஒக்ரோபர் 2019

மெல்பேர்ணில் கிரேக்கரோடு ஈழத்தமிழர் எங்களை ஒப்பிடுறதை நிப்பாட்டுங்கோ. அவையள் 50களில் காசு உழைக்க வந்த சனம். கப்பல் காசும் அரசாங்கம்தான் கட்டினது. எங்களுக்கு யுத்தம் நடக்கேக்கையே ஓடி வந்தனாங்கள். அவையளுக்கு யுத்தம் முடிஞ்சு பத்து வருசம். மறுக்க ஏலுமெண்டால் மறுங்கோ பாப்பம்.

19 ஒக்ரோபர், இரவு

மறுக்கிறேன். முழுதாக அல்ல.

முதலில் கப்பல் காசு. 1952இல் அவுஸ்திரேலியாவும் கிரீஸும் உதவிக் குடியேற்ற ஒப்பந்தம் செய்தது உண்மை. அதில் வந்தவர்கள் இரண்டு வருடம் அரசு காட்டிய இடத்தில் வேலை செய்யவேண்டும். ஆனால் எல்லோரும் அதில் வரவில்லை. தாங்களே கடன்பட்டு வந்தவர்களும், முதலில் வந்த உறவினர் டிக்கெட் அனுப்ப வந்தவர்களும் நிறைய. 1947 கணக்கெடுப்பில் கிரீஸில் பிறந்தவர்கள் இங்கே சுமார் 12,000 பேர். 1971இல் 1,60,000. இத்தனை பேரையும் ஒரே காரணம் கொண்டுவந்தது என்று எழுத எனக்குக் கை வராது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கக் கிழவி இருக்கிறா. தெருவே யாயா, அதாவது கிரேக்கத்தில் பாட்டி, என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். வயது 91. என்னுடைய ஆங்கிலமும் அவவுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று பொருத்தம், இரண்டுக்கும் இலக்கணம் கிடையாது. மகள் வந்தால் மொழிபெயர்ப்பா. அவவின் கதையை வைத்துத்தான் இங்கே எழுதப்போகிறேன். பேர், ஊர் விபரம் கேட்காதேங்கோ.

20 ஒக்ரோபர்

காலையில் நேரம் கிடைத்தது.

யாயா பிறந்தது 1928இல், ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள கொக்கினியாவில். இன்று அந்த ஊரை நிக்கேயா என்கிறார்கள். 1922இல் துருக்கிக் கரையில் ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) எரிந்து, அடுத்த வருடம் லொசான் ஒப்பந்தப்படி கிரீஸும் துருக்கியும் சனத்தை மதம் பார்த்து மாற்றிக்கொண்டபோது, சின்னாசியாவில், அதாவது துருக்கிப் பக்கத்தில், இருந்து வந்த அகதிகளுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. 12 லட்சம் பேர் அளவில் கிரீஸுக்கு வந்தார்கள், நாட்டின் மொத்தச் சனத்தொகையே அப்போது 50, 60 லட்சம்தான். யாயாவின் தாய் ஸ்மிர்னாக்காரி. வீட்டில் கிரேக்கமும் துருக்கியும் கலந்த பேச்சு. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் "துருக்கி விதை" என்று பழித்தார்களாம்.

1940 ஒக்ரோபர் 28 முசோலினி படையெடுத்தான். கிரேக்கர் அவனை அல்பேனிய மலைகளுக்குள் திருப்பித் துரத்தினார்கள். அவனுக்குக் கைகொடுக்க 1941 ஏப்ரல் 6 ஹிட்லர் இறங்கினான். அன்றிரவே பிரேயஸில் குண்டு. வெடிமருந்தோடு நின்ற கிளான் ஃபிரேசர் என்ற கப்பல் வெடித்துத் துறைமுகத்தையே தூக்கி எறிந்தது. யாயாவுக்கு அப்போது 13 வயது. கொக்கினியாவில் யன்னல் கண்ணாடி ஒன்றும் மிஞ்சவில்லை என்றா. தாய் சொன்னது: "ஸ்மிர்னாவில் நெருப்பு கடலை நோக்கி வந்தது. இங்கே கடலில் இருந்தே வருகுது."

ஏப்ரல் 27 ஏதென்ஸ் விழுந்தது. நாட்டை ஜேர்மனி, இத்தாலி, பல்கேரியா மூன்றும் பங்குபோட்டன. கோதுமை விளையும் கிழக்கு மக்கெதோனியாவும் திரேசும் பல்கேரியாவின் பங்குக்குப் போனது. ஏதென்ஸுக்கும் பிரேயஸுக்கும் பாண் வந்த வழி அத்தோடு அடைபட்டது.

20 ஒக்ரோபர், பின்னேரம்

"வெளிநாட்டில் இருந்து சாப்பாடு வந்திருக்கலாமே" என்று கேட்டவருக்கு: வரவிடவில்லை. எதிரியின் கையில் இருக்கும் நாட்டுக்குச் சாப்பாடு அனுப்பினால் எதிரிதான் தின்னுவான் என்று பிரித்தானியா கடலை மறித்தது. ஜேர்மனியோ இருந்ததையும் வழித்தெடுத்தது. நடுவில் செத்தது சனம். நடுநிலையாக இருந்த துருக்கி மட்டும் குர்துலுஷ் என்ற கப்பலில் இஸ்தான்புலில் இருந்து சாப்பாடு அனுப்பியது. 1941 ஒக்ரோபரில் தொடங்கி, 1942 ஜனவரியில் மர்மராக் கடலில் அந்தக் கப்பல் தாண்டுபோனது. ஸ்மிர்னாவில் இருந்து அடித்துத் துரத்தப்பட்ட சனத்துக்குத் துருக்கிக் கப்பலில் அவரை விதை. யாயாவின் தாய் அதை அவித்துவிட்டு, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாவாம், பிறகு சாப்பிட்டா.

1942 கோடைக்குப் பிறகுதான் பிரித்தானியா இளகி, செஞ்சிலுவையின் பேரில் சுவீடன் கப்பல்களில் கனடாக் கோதுமை வந்தது. முற்றுகையைத் தளர்த்தச் சொல்லி ஒக்ஸ்ஃபோர்டில் கூடிய கமிட்டிதான் இன்றைய ஒக்ஸ்ஃபாம். வன்னியில் அவர்களின் வெள்ளை வாகனத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லுகிறேன், அது தொடங்கியதே கிரேக்கப் பஞ்சத்தை வைத்துத்தான், 1942 ஒக்ரோபரில்.

23 ஒக்ரோபர்

செத்த கணக்கு கேட்டிருந்தீர்கள். ஆக்கிரமிப்புக் காலம் முழுக்கப் பசியால் இரண்டரை முதல் மூன்று லட்சம் வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சரியான கணக்கு ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் யாயாவின் வீட்டிலேயே இருக்கிறது.

தகப்பன் 1942 பெப்ரவரியில் நெஞ்சு நோவில் செத்தார் என்றுதான் எனக்கு முன்பு சொல்லியிருந்தா. நேற்று மகளும் இருந்தா, நான் திரும்பக் கேட்டேன். நெஞ்சு நோ இல்லையாம். கால் வீங்கி, எழும்ப ஏலாமல் கிடந்து, பசியில்தான். செத்ததைப் பதியவில்லை. பதிந்தால் அவருடைய கூப்பன் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இரவில் தாயும் தமையனும் கைவண்டியில் கொண்டுபோய் மயான மதிலடியில் வைத்துவிட்டு வந்தார்கள். காலையில் மாநகரசபை வண்டி அள்ளிக்கொண்டு போகும். தகப்பனுடைய பங்குப் பாணில்தான் அந்தக் குளிர்காலம் போனது. அப்படிச் செய்த குடும்பங்கள் ஏராளம். பேர் தெரியாத பிணங்கள் மதிலுக்கு மேலாலும் எறியப்பட்டன.

மகள் இதை முதல்தடவையாகக் கேட்கிறா. 60 வயதுக்காரி. தாயைத் திட்டத் தொடங்கிவிட்டா, ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று. நான் மெல்ல எழும்பி வந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டுமோ, தெரியாது. யாயா இன்றைக்கு வழக்கம்போல வேலிக்கு மேலால் தேசிக்காய் நீட்டினா.

28 ஒக்ரோபர்

இன்று கிரேக்கருக்கு "ஓஹி" நாள், முசோலினிக்கு இல்லை என்று சொன்ன நாள். கொண்டாட்டம். மற்ற நாடுகள் யுத்தம் முடிந்த நாளைக் கொண்டாடும், இவர்கள் தொடங்கிய நாளைக் கொண்டாடுகிறார்கள். ஏன் என்று யாயாவைக் கேட்டேன். "அண்டைக்கு மட்டும்தான் எல்லாரும் ஒரே பக்கம்" என்றா.

2 நவம்பர்

"ஜேர்மன்காரன் வந்தான், பசி வந்தது, விளங்குது. ஆனால் எங்களுக்கு நடந்தமாதிரி ஒன்றும் நடக்கேல்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்ப இதை வாசியுங்கோ.

தமையன் யாயாவைவிட இரண்டு வயது மூப்பு. பஞ்சத்தில் அவன் ஜேர்மன் லொறிகளில் பாய்ந்து ஏறி, ஓடும் வண்டியில் இருந்து பெட்டிகளைக் கீழே தள்ளும் பெடியங்களில் ஒருவன். பிடித்தால் அந்த இடத்திலேயே சூடு. பிறகு 1943இல் தொடங்கிய எபோன் என்ற இளைஞர் அமைப்பில் சேர்ந்தான். இடதுசாரிகள் முன்னின்ற ஈயாம் என்ற எதிர்ப்பு முன்னணியின் இளைஞர் பிரிவு அது. கொக்கினியா முழுக்க ஈயாம் பக்கம். யாயாவும் இரவில் தகரப் புனலை வாயில் வைத்துக் கூரையில் நின்று செய்தி கூவியிருக்கிறா. அப்பொழுது வயது 15. அதைச் சொல்லும்போது மட்டும் முகம் வடிவாகிவிடும்.

1944 ஓகஸ்ட் 17, விடியப்புறம். அதே மாதிரிப் புனலில் வேறு குரல்கள்: 14இல் இருந்து 60 வயது வரை ஆண்கள் எல்லோரும் ஒசியா க்செனி சதுக்கத்துக்கு வரவேண்டும், வீட்டில் ஒளித்திருந்தால் சூடு. சுற்றிவளைப்பு. ஜேர்மன்காரரோடு அவர்களுக்கு வேலை செய்த கிரேக்கப் பாதுகாப்புப் படையணிகளும். ஆயிரக்கணக்கான ஆண்களை ஓகஸ்ட் வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். பிறகு முகத்தை மூடித் துணி போட்ட தலையாட்டிகள் வரிசை வரிசையாக நடந்தார்கள். அவர்கள் கை நீட்டிக் காட்டியவனை இழுத்துக்கொண்டு போய், பக்கத்துக் கம்பளத் தொழிற்சாலை வளவு மதிலில் வைத்துச் சுட்டார்கள். மிச்சம் ஆயிரக்கணக்கில் ஹைதாரி முகாமுக்கு, அங்கிருந்து பலர் ஜேர்மனிக்கு அடிமை வேலைக்கு.

தமையனை ஒருவரும் காட்டவில்லை. ஆனாலும் ஹைதாரிக்குக் கொண்டுபோய், பிறகு ஜேர்மனிக்கு ரயில் ஏற்றினார்கள். ஏதென்ஸ் விடுதலையானது ஒக்ரோபர் 12. இரண்டு மாதம் பிந்தியிருந்தால் அவன் வீட்டிலேயே இருந்திருப்பான்.

யாயா சொன்னது இன்னொன்று. தலையாட்டிகளில் ஒருத்தனை அவவின் தாய் சப்பாத்தை வைத்து அடையாளம் கண்டுவிட்டா. அதே ஒழுங்கைக்காரன், அவனும் ஸ்மிர்னா அகதியின் பிள்ளை. பெயரைக் கடைசிவரை யாயாவுக்குச் சொல்லவில்லை. எனக்கு யாழ்ப்பாணத்தில் 1987இல் இந்திய இராணுவம் வந்த பிறகு பார்த்த ஒரு சந்தி ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை, வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு சந்தி இருக்கும்.

3 நவம்பர்

இழை தொடங்கியவர் இரவு முழுக்க யோசித்ததாக எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் "சரி, 1944இல் முடிஞ்சுதுதானே" என்ற வரிக்கு மட்டும்: முடியவில்லை.

விடுதலை வந்த மாதம் காசு குப்பை. 10,000 கோடி திராக்மா நோட்டு அச்சடித்தார்கள். நவம்பரில் பழைய 5,000 கோடி திராக்மாவுக்குப் புதுசு ஒன்று. யாயா கடைக்குக் கூடையில் காசு கொண்டுபோய்ச் சட்டைப்பையில் சாமான் கொண்டுவந்திருக்கிறா.

டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் ஈயாம் ஆட்களும் பிரித்தானியப் படையும் சண்டை. நேற்றுவரை ஜேர்மன்காரனுக்கு வேலை செய்த கிரேக்கர் சிலர் இப்போது பிரித்தானியாவின் பக்கம். பிரித்தானியாவுக்காகக் கிரீஸில் இறங்கியவற்றில் 4வது இந்தியப் படைப்பிரிவும் ஒன்று. யாயா முதல்முதல் பார்த்த எங்கள் நிற மனிதர்கள் அவர்கள்தான். தெருமுனையில் நின்ற சிப்பாயின் தலைப்பாகையைப் பார்த்துத்தான் பயமாம், துவக்கைப் பார்த்துப் பயப்படுவது எப்பவோ விட்டுப்போச்சு. நான் குடிவந்த புதிதில் "உன்ர தகப்பன் பிரேயஸுக்கு வந்தவரோ?" என்று கேட்டதன் காரணம் இதுதான். யுத்தத்தில் அந்தப் படைப்பிரிவோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற தென்னிந்தியப் பொறியியல் படைக் கம்பெனி ஒன்றும் இருந்தது. அதைச் சொன்னால் கிழவி பழையபடி என்னைச் சந்தேகிக்கும், சொல்லவில்லை.

9 நவம்பர்

இந்தக் குறிப்புத்தான் எனக்கு முக்கியம். மற்றவற்றை வாசிக்க நேரமில்லாவிட்டால் இதை மட்டும் வாசியுங்கோ.

தமையன் 1945 கோடையில் எலும்பாகத் திரும்பி வந்தான். 1946இல் அரசுக்கும் இடதுசாரிகளுக்கும் உள்நாட்டு யுத்தம். 1947இல் அவனைக் கிரேக்க அரசே பிடித்தது. ஹைதாரியில் இருந்து பிழைத்தவனை இக்காரியா தீவுக்கு அனுப்பினார்கள். பிறகு மக்ரோனிசோஸ், அடி உதைக்குப் பேர்போன வெறுந்தீவு. 1949இல் மலைகளில் இடதுசாரிப் படை தோற்று யுத்தம் முடிந்த பிறகும் விடவில்லை, ஆய் ஸ்திராதிஸ் தீவுக்கு மாற்றினார்கள். விடுதலைக்கு ஒரே வழி "மனம் திருந்தினேன்" என்று கையெழுத்து வைப்பது. அந்தக் கடுதாசி பேப்பரில் வரும், ஊர்க் கோயிலில் வாசிப்பார்கள். கையெழுத்து வைத்தவனைத் தோழர்கள் மனிதனாக மதிக்கமாட்டார்கள். அவன் மக்ரோனிசோஸில் அடி வாங்கியும் வைக்கவில்லை.

வெளியில் இருந்த குடும்பத்துக்குத் தண்டனை வேறு மாதிரி. சமூக நம்பிக்கைச் சான்றிதழ் என்று ஒன்று. பொலிஸ் கொடுக்கவேண்டும். அரசாங்க வேலைக்கு, பல்கலைக்கழகத்துக்கு, சாரதிப் பத்திரத்துக்கு, பாஸ்போட்டுக்கு. வீட்டில் ஒரு இடதுசாரி இருந்தால் மற்றவர்களுக்கும் கிடைக்காது. 1974 வரை இந்த முறை இருந்தது. யாயா தையல் வேலைக்குப் போன இடங்களில் எல்லாம் பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போகும், அடுத்த கிழமை வேலை இல்லை. கலியாணமும் இல்லை: சீதனம் கிடையாது, தமையன் மறியலில். கிரீஸில் சீதனத்தைச் சட்டத்தால் நீக்கியது 1983இல்தான். பொம்பிளைக்கு வீடு, தங்கப் பவுண், தையல் இயந்திரம் என்று பட்டியல் போட்டுக் கேட்ட காலம் அது. எங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

1954இல் மெல்பேர்ணில் இருந்த ஒருவர் பெண் கேட்டு எழுதினார். சீதனம் வேண்டாம், டிக்கெட்டும் தானே அனுப்புவார். அங்கே அப்போது கிரேக்க ஆண்கள் அதிகம், பெண்கள் இல்லை. 1957இல் பெகோனா என்ற கப்பல் நூற்றுக்கணக்கான மணப்பெண்களோடு வந்து இறங்கியதை இங்கே பழைய ஆட்கள் இன்னும் கதைப்பார்கள். யாயாவுக்கு இருந்த தடை சான்றிதழ் மட்டும்.

தாய் ஆய் ஸ்திராதிஸுக்குக் கடிதம் எழுதினா. என்ன எழுதினா என்று யாயாவுக்குத் தெரியாது. தமையன் கையெழுத்து வைத்தான்.

கோயிலில் வாசித்த அன்று யாயா போனா. முன்வரிசையில் நின்றாவாம், யாரும் தன்னைப் பார்க்காமல் போகக்கூடாது என்று. 1955 தொடக்கத்தில் சான்றிதழ் வந்தது. தமையனும் வீட்டுக்கு வந்தான். பழைய சிநேகிதர் ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை. தங்கச்சியைக் கப்பல் ஏற்றவும் வரவில்லை, வேலை இருக்குது என்றானாம். அவனுக்கு வேலையே இல்லை.

10 நவம்பர்

"அப்ப அவ அகதிதான், நீங்கள் வென்றிட்டியள்" என்று இழை தொடங்கியவரே எழுதியிருக்கிறார். அவசரப்படாதேங்கோ. நான் இதைக் கதைத்து வெல்லத் தொடங்கவில்லை (சரி, தொடங்கினேன்).

புதிதாகக் குடியேறியவர்களைத் தங்கவைத்த பொனகில்லா முகாம் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே போனது பெரும்பாலும் உதவித் திட்டத்தில் வந்தவர்கள். 1947இல் இருந்து 1971 வரை மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் அந்தத் தகரக் கொட்டில்களில் தங்கினார்கள், மூன்று நேரமும் ஆட்டுக் கொழுப்பு மணம். யாயாவை மாப்பிள்ளையே மெல்பேர்ண் துறைமுகத்து ஸ்டேஷன் பியரில் வந்து கூட்டிப்போனார்.

வந்த கப்பல் சிரேனியா. 1911இல் நியூசிலாந்துக் கம்பெனிக்காக மவுங்கனூயி என்ற பேரில் கட்டி, இரண்டு உலக யுத்தத்திலும் ஓடி, பிறகு கிரேக்க முதலாளி வாங்கிப் பேர் மாற்றிய கிழட்டுக் கப்பல். ஏடனில் வெயில், நடுக்கடலில் வாந்தி. வழியில் வாழைப்பழம் விற்ற ஒரு துறைமுகம் ஞாபகம் இருக்கிறதாம். கொழும்பாக இருக்குமோ என்று ஆசையாகக் கேட்டேன். "கறுப்பா, நல்லாக் கத்தி விலை பேசுற ஆக்கள்" என்றா. நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் படம் பத்து வருடம் பழசு. கரையில் நின்றது தலைமயிர் இல்லாத ஒருவர். யாயா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாவாம், ஒருவேளை அப்படியென்றால் பொருந்துமோ என்று.

17 நவம்பர்

தொழிற்சாலைக் கதை கேட்டவர்களுக்கு அதிகம் சொல்ல இல்லை, அவவும் சொல்லுவதில்லை. பிரன்ஸ்விக்கில் தையல், பிள்ளை பிறந்த பிறகு வீட்டில் துண்டுக் கணக்கில் தையல். கொலர் ஒன்றுக்கு இவ்வளவு சதம். மெஷின் சத்தம் கேட்காமல் இருக்கக் கீழே போர்வை விரிக்கிற வழக்கம், பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்கள் என்று.

ஒன்று மட்டும். கணவர் பெலொபொனீஸ்காரர், அரசர் பக்கம். அப்போது லொன்ஸ்டேல் வீதியில் கோப்பிக் கடையே இன்னார் பக்கம் என்று பார்த்துத்தான் நுழைவார்கள். இடதுசாரிகளுக்கு டெமோகிரிட்டஸ் சங்கம், 1957க்குப் பிறகு நியோஸ் கோஸ்மோஸ் பேப்பர். தமையன் தீவில் மறியலில் இருந்ததை யாயா கணவருக்குச் சொல்லவேயில்லை. "கடற்படையில் இருந்தவர்" என்று சொல்லியிருந்தா. தீவு தீவாகப் போனவர்தானே.

1 டிசம்பர்

கடைசியாக நேரடியாகவே கேட்டேன், மகளை வைத்துக்கொண்டு. நீங்கள் அகதியா, காசு உழைக்க வந்தவவா?

அகதி என்றால் தன் தாய் என்றா. ஸ்மிர்னாவில் இருந்து ஒரு போர்வையோடு கப்பலில் தூக்கிப் போட்டார்கள், அவ அகதி. "நான் டிக்கெட்டோடு வந்தனான். புதுச் சட்டை போட்டிருந்தனான்." கோபம் வேறு. காசுக்கு வந்தவர்கள் என்று யாரோ சொல்லுகிறார்கள் என்றதும் அதுக்கும் கோபம்: "என்ன காசு? கண்டனியே?"

எனக்கு நான் கட்டி வைத்திருந்த வாதம் இடித்துப்போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ மறுத்ததைத் தாண்டி அந்தப் பேரை அவவுக்குச் சூட்ட எனக்கு உரிமை இல்லை. அதேநேரம், கையெழுத்து இல்லாமல் பாஸ்போட் இல்லை என்ற ஊரில் இருந்து வந்தவவை "காசு உழைக்க வந்த சனம்" என்று எழுதவும் விடமாட்டேன். இழை தொடங்கியவர் இதற்கு என்ன சொல்லுகிறார் பார்ப்போம்.

தமையன் 1981இல் செத்துப்போனார். யாயா அதற்கு முன் ஒருதடவை போய் வந்தா. கையெழுத்தைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லையாம். "என்னத்தைக் கதைக்கிறது, சாப்பிட்டம்" என்றா.

14 ஜனவரி 2020

இழை இன்னும் ஓடுகிறது, ஆனால் எல்லோரும் கீரைக்குத் தாவிவிட்டீர்கள், அதுவும் நல்லதுதான். ஆமாம், கிரேக்கக் கிழவிகள் தெருவோரம் குனிந்து பிடுங்குவது பஞ்சகாலத்துப் பழக்கம் மட்டுமில்லை, அதற்கு முன்னும் காட்டுக்கீரை தின்ற சனம்தான். பஞ்சத்தில் எண்ணெயும் உப்பும் இல்லாமல் தின்றார்கள். யாயா இப்போது எண்ணெயை ஊற்றுகிற அளவைப் பார்த்தால் உங்களுக்கு நெஞ்சு நோ வரும்.

இழை தொடங்கியவர் கேட்ட "வ்லீதா" எங்கள் முளைக்கீரை, தண்டுக்கீரைச் சாதிதான். கோடையில் ஓக்லியில் கிரேக்கக் கடைகளில் கட்டாக விற்கும், இந்தியக் கடை விலையைவிடக் குறைவு. அவித்து, எண்ணெயும் தேசிப்புளியும். நான் தேங்காய்ப்பூ போட்டு வறுத்துக் கொடுத்தேன், யாயா ஒரு வாய் வைத்துவிட்டு "நல்ல கீரையைப் பழுதாக்கிப்போட்டாய்" என்றா. விதை வேண்டுமானால் தனிமடல் போடுங்கோ. ஒக்ரோபருக்கு முன் விதைக்காதேங்கோ, இந்த ஊர்க் குளிருக்கு முளைக்காது.